ஏலக்காய் ஸ்டோரில் போன விரல்: ஓர் இழப்பீட்டுக் கணக்கு

பின்னணி

கம்பம் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம், கூடலூர், போடி பக்கத்து ஊர்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்பி வரும். தோட்டம் கேரளத்தில் இருக்கிறது, வேலை செய்பவர் வீடு தமிழ்நாட்டில் இருக்கிறது. நிறைய தோட்டங்களுக்கு முதலாளியும் இந்தப் பக்கத்துக்காரர்தான். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவேடு என்று எதுவும் கிடையாது. சனிக்கிழமை கையில் காசு, அவ்வளவுதான்.

நான் இந்தப் பக்கம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் மனு எழுதுபவன். விபத்து வழக்கு வந்தால் முதல் கணக்குப் போடுவது என் வேலை. இங்கே எழுதுவது 2022 அக்டோபரில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்த ஒரு வழக்கு. சம்பந்தப்பட்டவர்கள் தெரியாமல் இருக்க ஊரையும் சில விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

பாதிக்கப்பட்டவர் ஒரு பெண். ஆதார்படி அப்போது வயது 41. பத்து வருடத்துக்கும் மேலாக ஏலக்காய் எடுப்பு வேலை. கணவர் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பவர். மகன் பாலிடெக்னிக்கில் முதல் வருடம். வாரா வாரம் கட்ட வேண்டிய குழுக் கடன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்தக் கடன் அட்டை வழக்கில் ஒரு சாட்சியாகவே வந்து நின்றது.

விபத்து நடந்த நாள்

2022 அக்டோபர் 18, நல்ல சீசன். அன்று அவரைக் காய் எடுப்புக்கு அனுப்பாமல் ஸ்டோரில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டோர் என்றால் பச்சைக் காயைக் காயவைக்கிற கட்டடம். டிரையரில் காய்ந்து வரும் காயை ஒரு மெஷினில் போட்டுத் தேய்த்தால் காம்பும் பூவும் உதிர்ந்து காய் சுத்தமாகும். மோட்டாரும் பெல்ட்டும் வைத்த சாதாரண மெஷின்தான். பெல்ட்டின் மேல் இருக்க வேண்டிய கம்பி வலை மூடி, பெல்ட் மாற்றும்போது கழற்றப்பட்டு, பல வாரமாகச் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. வழக்கமாக அந்த மெஷினில் நிற்கும் ஆள் அன்று வரவில்லை.

மதியம் மூன்று மணி வாக்கில், பெல்ட்டுக்கு அடியில் சிந்திய காயை ஒதுக்கப் போன வலது கை, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லிக்குள் போய்விட்டது. சுட்டுவிரல் முழுசாகப் போனது. நடுவிரலில் ஒரு கணு போனது. மோதிர விரல் எலும்பு நொறுங்கி, பிறகு விறைத்தே போயிற்று.

ஜீப் டிரைவரும் ஸ்டோர் மேஸ்திரியும் அவரை எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அங்கே விவரம் சொன்னது மேஸ்திரி. சீட்டில் ஏறிய வாக்கியம் இது: வீட்டில் கிரைண்டரில் கை மாட்டியது. முதலுதவி முடிந்து, ராத்திரியே தேனி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே மருத்துவர் நேராக அவரிடமே கேட்டார். விபத்துப் பதிவேட்டில் ‘ஏலக்காய் ஸ்டோர் மெஷின் பெல்ட்’ என்று பதிவானது. ஒரே நாளில், ஒரே கைக்கு, இரண்டு காகிதம், இரண்டு கதை. வழக்கு முழுக்க இந்த முரண்பாடு எங்களைத் துரத்தியது.

முதல் மூன்று வாரம்: ஒரு முத்திரைத்தாள்

மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதியை முதலாளி கட்டினார். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மூன்றாவது வாரம் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார், கையில் 50,000 ரூபாயும் ஒரு முத்திரைத்தாளும். தொகையை முழு இழப்பீடாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதியிருந்தது. குழுக் கடன் நான்கு தவணை நின்றிருந்த நேரம் அது. அந்தத் தாளோடுதான் அந்த அம்மா கணவருடன் எங்களிடம் வந்தார்.

“வாங்கிக்கிறலாமாண்ணே?” என்று கேட்டார். கட்டுப் போட்ட கையைச் சேலை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

இந்த விபத்துக்குப் பொருந்தியது, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். அதன் 17ஆவது பிரிவின்படி, தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. சமரசம் செய்துகொண்டால் அதை, இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 8ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெண் தொழிலாளிக்கு மொத்தத் தொகையாகத் தரும் இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், நேராகக் கையில் கொடுத்தால் அது இழப்பீடாகவே கணக்கில் வராது. அதாவது அந்தத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் முதலாளிக்குப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. ஆனால் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் அதோடு வீட்டில் உட்கார்ந்துவிடுவார். அந்தத் தாளுக்கு இருக்கும் பலம் அதுதான்.

வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்ப முடியாது, வீட்டில் அரிசி வேண்டும். எங்கள் வக்கீலம்மா முதலாளியிடம் போனில் பேசினார். ஆள் முரட்டுத்தனமானவர் இல்லை. மாதம் 10,000 வீதம் நான்கு மாதம் தர ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு ரசீதிலும் ‘இழப்பீட்டுக் கணக்கில் வரவு, இறுதித் தீர்வு அல்ல’ என்று எழுதினோம். நேராகக் கையில் வந்ததுதான் என்றாலும், ரசீதில் நாங்களே அப்படி எழுதிக் கொடுத்ததால் அந்த 40,000 பிறகு தீர்ப்புத் தொகையில் கழிபட்டது. கழியட்டும், அந்த நாலு மாதத்தைத் தாண்ட அதுதான் உதவியது.

முதல் மதிப்பீடு, என் தவறு

நிரந்தரமான, ஆனால் முழுமையாகாத ஊனத்துக்குச் சட்டம் தரும் சூத்திரம் எளிது. மாதச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை எடுத்து, நான்காம் அட்டவணையில் வயதுக்கு நேராக இருக்கும் காரணியால் பெருக்கினால் முழு ஊனத்துக்கான தொகை வரும். அதில் சம்பாதிக்கும் திறன் எத்தனை விழுக்காடு போனதோ அத்தனை விழுக்காடு. 41 வயதுக்குக் காரணி 181.37.

அன்று நான் மேஜையில் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே வாய்விட்டுப் பேசினேன். நாள் கூலி 450, மாதம் 26 நாள், 11,700. அதில் 60 விழுக்காடு 7,020. அதை 181.37-ஆல் பெருக்கினால் 12 லட்சத்து 73 ஆயிரம். “அதுல எத்தனை பர்சென்ட்னு டாக்டர் சொல்லணும்” என்று அடுத்த வாக்கியத்தை நான் சொன்னது கணவர் காதில் ஏறவே இல்லை. 12 லட்சம் என்று அவர் ஊரில் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் கழித்து நல்ல தீர்ப்பு வந்த நாளில்கூட அவர் முகத்தில் ஒரு குறை இருந்தது. அது நான் கொடுத்த குறை.

அதற்கு முன் நான் சரிபார்த்திருக்க வேண்டியவை வேறு. அந்த இடத்துக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டா என்பது முதலில். இருந்தால் இந்தச் சட்டத்தில் கோரவே முடியாது, பலன் அந்த வழியில்தான். ஸ்டோரில் ஆறு பேர்தான், இ.எஸ்.ஐ. இல்லை. ஏலத்தோட்ட வேலை இரண்டாம் அட்டவணையில் வருகிறதா? வருகிறது. கோருவதற்குக் காலம் விபத்திலிருந்து இரண்டு வருடம், அதுவும் இருந்தது. முதலாளி காப்பீடு எடுக்கவில்லை. அப்படியென்றால் தீர்ப்புத் தொகை அவர் கையிலிருந்தே வர வேண்டும். மதிப்பீடு போடும்போது இதையும் யோசிக்க வேண்டும். வசூலாகாத ஐந்து லட்சத்தை வைத்து என்ன செய்வது? இவருக்கு நிலம் இருந்தது.

டிரைவரின் குறிப்பேடு

முதலாளி தரப்பின் முதல் பதில் நோட்டீஸ், விபத்தை மறுப்பதில் அதிகம் மெனக்கெடவில்லை. அவர்கள் கை வைத்தது சம்பளத்தில். அந்த அம்மா சீசனுக்கு மட்டும் வருபவர், மாதம் 15 நாள் வந்தால் அதிகம், கூலி 400, ஆக மாதம் 6,000.

இது விவரமான வேலை. சம்பளத்தை 11,000 சொச்சத்திலிருந்து 6,000-க்கு இறக்கினால், ஊன விழுக்காடு எதுவாக இருந்தாலும் தொகை ஏறக்குறையப் பாதியாகும். இந்த வழக்கில் விழுக்காடு ஒன்று கூடினால் தொகை சுமார் 12,450 கூடும். மாதச் சம்பளம் ஆயிரம் ரூபாய் கூடினால், கடைசியில் தீர்ப்பான 35 விழுக்காட்டுக் கணக்கில், 38,000 கூடும். எல்லோரும் விழுக்காட்டுக்காகச் சண்டை போடுகிறோம், சம்பளத்தைக் கோட்டை விடுகிறோம்.

எங்களிடம் சம்பளத்துக்கு ஆதாரம் ஒன்றுமில்லை. “நோட்டு வச்சிருக்கது டிரைவரு மட்டுந்தாண்ணே” என்று அந்த அம்மாதான் சொன்னார்.

ஜீப் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று முதலாளிதான் கொடுக்கிறார். அதனால் தினமும் எத்தனை பேர் ஏறினார்கள் என்று டிரைவர் குறித்து வைப்பார். சட்டைப் பையில் அடங்குகிற நீள நோட்டு, அட்டை டீசல் எண்ணெயில் ஊறிக் கருத்திருந்தது. பக்கத்துக்கு ஒரு வாரம். இடது ஓரத்தில் பெயரின் முதல் எழுத்து, எதிரே ஆறு கட்டம், வந்த நாளுக்கு ஒரு டிக், வராத நாளுக்குச் சுழி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மொத்தத் தலைக்கணக்கு, பக்கத்தில் முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளையின் சுருக்கக் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீலம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதலாளியே பணம் பட்டுவாடா செய்த கணக்கு அது. அதை அவர் எப்படிப் பொய் என்று சொல்வார்?

டிரைவர் தயங்கினார். “என் பொழப்புல மண்ணு விழுந்துரும்ணே” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அன்று பக்கங்களைப் போட்டோ எடுக்க மட்டும் விட்டார். பின்னால் ஆணையரின் சம்மன் வந்த பிறகுதான் நோட்டோடு வந்தார். சம்மன் வந்தால் வந்துதானே ஆக வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிக்கொள்ள அவருக்கும் ஒரு வழி கிடைத்தது.

ஒரு சிக்கலும் இருந்தது. அதே முதல் எழுத்தில் ஜீப்பில் இன்னொரு பெண் இருந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்ததே ஆகஸ்ட்டில். அதற்குப் பின் வரும் பக்கங்களில் ஒரே எழுத்து இரண்டு முறை வந்தது, எது யாருடையது என்று டிரைவர் வாய்மொழியாகச் சொல்ல வேண்டியிருந்தது. விபத்துக்கு மறுநாளிலிருந்து முதல் வரிசை முழுக்கச் சுழி. அதுவே போதுமானதாயிற்று.

நாள் கூலி 450 என்பதற்குக் கூட வேலை செய்த இருவர் சாட்சி சொன்னார்கள். அதைவிட உதவியது குழுக் கடன் அட்டை. விபத்துக்கு ஏழு மாதம் முன்பு கடன் வாங்கும்போது வார வருமானம் 2,700 என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஆறு நாள், 450. வழக்கை மனதில் வைத்து யாரும் ஏழு மாதம் முன்னாலேயே கடன் அட்டையில் பொய் எழுத மாட்டார்கள்.

பதினேழு நாள் இடைவெளி

நோட்டின்படி விபத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 284 நாள் வேலை. கூலி 1,27,800. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,650. இதைத்தான் முதலில் மனுவில் போட இருந்தோம்.

அப்போதுதான் எதிர்த்தரப்பு ஒரு வாதம் வைத்தது. 2022 மே மாதம் அவர் தொடர்ந்து 17 நாள் வரவில்லை, ஆகவே அவர் நிரந்தர ஆள் இல்லை. உண்மைதான். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா, அதையொட்டி வீட்டில் ஒரு காதுகுத்து, சீசனும் இல்லாத நேரம். மே 3 முதல் 19 வரை ஜீப் ஏறவில்லை.

வக்கீலம்மா 5ஆவது பிரிவை மறுபடி எடுத்துப் படித்தார். 12 மாதக் கூலியைப் பன்னிரண்டால் வகுக்கும் முறை, அந்த 12 மாதமும் தொடர்ந்த வேலையாக இருந்தால்தான். 14 நாளுக்கு மேல் வராமல் இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். அறுந்தால் வேறு வழி: கடைசியாகத் தொடர்ந்து வேலை செய்த காலத்தின் மொத்தக் கூலியை 30-ஆல் பெருக்கி, அந்தக் காலத்தின் நாட்களால் வகுக்க வேண்டும். மே 20 முதல் அக்டோபர் 17 வரை 151 நாள். அதில் வேலை 128 நாள். கூலி 57,600. கணக்குப் போட்டால் மாதச் சம்பளம் 11,444.

சீசன் காலம் மட்டும் கணக்கில் வந்ததால் சம்பளம் ஏறிவிட்டது! எங்களை இறக்க அவர்கள் கொண்டுவந்த இடைவெளி, கடைசித் தீர்ப்பில் 30,000 ரூபாயை எங்கள் பக்கம் கூட்டிக் கொடுத்தது. அம்மன் புண்ணியம் என்றார் அந்த அம்மா. நான் மறுக்கவில்லை. ஆனால் இது எப்போதும் இப்படி நடக்காது. இதே விபத்து மார்ச்சில், வேலை குறைந்த காலத்தில் நடந்திருந்தால் அதே சூத்திரம் சம்பளத்தைக் கீழே தள்ளியிருக்கும்.

இன்னொன்று. 2020 ஜனவரி 3 முதல் இந்தக் கணக்கில் மாதச் சம்பளத்துக்கு உச்ச வரம்பு 15,000 என்று இருந்தது. இந்த வழக்கில் அது இடிக்கவில்லை. நாள் 800 வாங்கும் ஆணுக்கு இடித்திருக்கும்.

வயதிலும் ஒரு சின்ன முடிவு எடுத்தோம். ஆதாரில் 1981 ஜனவரி 1. நம் ஊர்களில் பாதிப் பேர் ஜனவரி 1-இல் பிறந்தவர்கள்தானே. பள்ளிச் சான்றிதழில் 1983 ஜூன். அதன்படி வயது 39, காரணி 186.90. தீர்ப்பான விழுக்காட்டில் வித்தியாசம் 13,000 சொச்சம். அதற்காக இரண்டு பிறந்த தேதியை ஆணையர் முன் வைத்தால், ஏற்கெனவே இரண்டு மருத்துவமனைக் கதை இருக்கும் வழக்கில் நம்பகம் இன்னும் அடிவாங்கும் என்று விட்டுவிட்டோம்.

விழுக்காடு: 21, 28, 40

முதல் அட்டவணையில் விரலுக்கு விரல் விலை போட்டிருக்கிறது. சுட்டுவிரல் முழுதும் போனால் 14. நடுவிரலில் ஒரு கணு போனால் 7. இரண்டையும் கூட்டினால் 21. எதிர்த்தரப்பு அங்கேயே நின்றது. மோதிர விரல் இருக்கிறதே, போகவில்லையே என்றார்கள்.

மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழில் நிரந்தர ஊனம் 28 விழுக்காடு. இது உடம்பின் கணக்கு. சட்டம் கேட்பதோ சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று. இரண்டும் ஒன்றல்ல. 1975-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சர் வழக்கில் இதைத்தான் பார்த்தது. ஒரு கையை இழந்தவர் வேறு ஏதாவது செய்யலாம், ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை முடியாது என்று முழு ஊனமாகவே ஏற்றது. எங்கள் வழக்கு அந்த அளவுக்குப் போகாது என்று தெரியும். திசை மட்டும் அதுதான்.

அதற்காக ஓர் எலும்பு சிகிச்சை நிபுணரிடம் தனியாகக் கூட்டிப் போனோம். நான் ஒரு கைப்பிடி ஏலக்காயைத் தாளில் மடித்து எடுத்துப் போயிருந்தேன். ஏலக்காய் எடுப்பு தெரியாதவருக்கு ஒரு விஷயம்: காய் செடியின் உச்சியில் இருக்காது, தரையோடு ஒட்டி ஓடும் கொத்தில் இருக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, பழுத்ததை மட்டும் பார்த்துக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து ஒரு திருகு திருக வேண்டும். பக்கத்தில் இருக்கும் பிஞ்சும் பூவும் உதிரக்கூடாது. உதிர்ந்தால் கங்காணி கத்துவார்.

மருத்துவர் மேஜையில் பத்துக் காயைப் பரப்பி, எடுக்கச் சொன்னார். அந்த அம்மா கட்டைவிரலையும் நடுவிரலின் மீதித் துண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தார். முதல் காய் வழுக்கி ஓடியது. இரண்டாவதை உள்ளங்கையால் மேஜை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து இடது கையில் விழவைத்தார். மூன்றாவதற்கு அவர் இடது கையையே நீட்டிவிட்டார். மருத்துவர் எழுதுவதை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடிமானம் குறைவு, மோதிர விரல் மடங்காது, குளிரில் துண்டில் குடைச்சல் என்று எல்லாம் பதிந்து, இந்த வேலைக்குச் சம்பாதிக்கும் திறன் இழப்பு 40 விழுக்காடு என்று எழுதினார். சாட்சி சொல்லவும் வந்தார். குறுக்கு விசாரணையில் அவரிடம் கேட்ட நல்ல கேள்வி ஒன்று: களை எடுக்க முடியுமா? முடியும், மெதுவாக, என்றார்.

இப்போது ஒரு தாளில் மூன்று எண்கள் எழுத முடிந்தது. அவர்கள் சொல்லும் 6,000 சம்பளம், 21 விழுக்காடு: 1,37,000. எங்கள் சம்பளம், 28 விழுக்காடு: 3,48,700. எங்கள் சம்பளம், 40 விழுக்காடு: 4,98,000. இந்த மூன்றுக்கும் கீழே, சிவப்பு மையில், நான்காவதாக ஒரு சுழி. கிரைண்டர் கதை நம்பப்பட்டால் அதுதான் தொகை.

எங்கே தாக்கல் செய்வது

விபத்து நடந்த பகுதியின் ஆணையரிடமும் போகலாம், தொழிலாளி குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமும் போகலாம் என்கிறது 21ஆவது பிரிவு. மலைக்கு அந்தப் பக்கம் போனால் சம்பவ இடம் பக்கம், ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும். முதலாளியும் சாட்சிகளும் இந்தப் பக்கம்தான். 2023 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலேயே தாக்கல் செய்தோம். அப்படிச் செய்தால் விபத்து நடந்த பகுதியின் ஆணையருக்கு அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அது போய்ச் சேரவே மூன்று மாதம் ஆயிற்று. மனுவை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு 23 மாதம்.

சமரசப் பேச்சு

2024 ஜூலையில், டிரைவர் சாட்சி முடிந்த மறுவாரம், முதலாளி தரப்பு 2,75,000 தருவதாக, ஆணையரிடம் முறைப்படி பதிவு செய்துகொள்வதாக வந்தது. நியாயமான வழியில் வந்த பேச்சு. மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதமும்கூட.

எங்கள் நடு எண் 3,48,700. அதற்கு 12 விழுக்காடு தனிவட்டி, விபத்துக்கு ஒரு மாதம் கழித்துத் தொடங்கி இருபது மாதத்துக்குக் கணக்கிட்டால், மொத்தம் 4,18,000. ஆனால் அந்தச் சிவப்புச் சுழி இன்னும் தாளில் இருந்தது. வக்கீலம்மா நான்கு லட்சத்துக்குக் குறைந்தால் வேண்டாம் என்றார். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை, மூன்று கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், சொல்லவும் செய்தேன். முடிவை அந்த அம்மாவிடம் விட்டோம். அவர் இரண்டு நாள் கழித்து வந்து, “இம்புட்டு நாளு பொறுத்தாச்சு. நாலு குடுத்தா வாங்குவோம்ணே, இல்லாட்டி அந்த ஐயாவே சொல்லட்டும்” என்றார். ஐயா என்றது ஆணையரை. அவர்கள் நான்கு கொடுக்கவில்லை.

தீர்ப்பும் தொகையும்

2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. கிரைண்டர் சீட்டை ஆணையர் ஏற்கவில்லை. அந்த விவரத்தைச் சொன்னது காயம்பட்டவர் அல்ல, மேஸ்திரி என்பது சீட்டிலேயே இருந்தது. அதோடு கூட வேலை செய்த பெண் ஒருவர் மறுநாள் போனில் எடுத்த படம்: மூடி இல்லாத பெல்ட், சுவரோரம் கம்பி வலை. பாதுகாப்பு மூடியைத் தொழிலாளியே வேண்டுமென்று அகற்றினார் என்ற வாதமும் அதோடு போயிற்று.

சம்பளம் 11,444 என்று ஏற்றார். சம்பாதிக்கும் திறன் இழப்பை 35 என்று வைத்தார். களை எடுப்பு போன்ற வேலை முடியும் என்று மருத்துவரே சொன்னதால் ஐந்தைக் குறைத்தார். முழு ஊனத் தொகை 12,45,359. அதில் 35 விழுக்காடு 4,35,876. முன்பு தந்த 40,000 கழிந்து 3,95,876. மருத்துவமனைக்குக் கட்டியதையும் கழிக்க வேண்டும் என்று முதலாளி கேட்டார். சிகிச்சைக்குக் கொடுத்தது இழப்பீடாகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருப்பதால் அது நிற்கவில்லை. அந்த அம்மா கைக்காசு போட்ட மருந்துச் செலவில், பில் இருந்த 9,400 மட்டும் கிடைத்தது. பில் இல்லாதது போனது போனதுதான். குணமாகும் காலத்தில் அரைமாதத்துக்கு ஒரு முறை தர வேண்டிய தொகையைத் தனியாகக் கேட்டிருந்தோம், தரவில்லை. அபராதமும் விதிக்கவில்லை.

முதலாளி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. மார்ச்சில் பணம் கட்டினார். 28 மாத வட்டி 1,10,845 சேர்ந்து மொத்தம் 5,16,121. ஆணையர் 3 லட்சத்தை அவர் பெயரில் வங்கி வைப்பாகப் போடச் சொல்லி, மீதியைக் கணக்கில் விட்டார். குழுக் கடன் அன்றே அடைந்தது.

மறுபடி செய்தால்

கிரைண்டர் சீட்டைத் திருத்த முதல் வாரத்திலேயே அந்த மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்திருப்பேன். நாங்கள் நான்காம் மாதம்தான் அதைப் பார்த்தோம். நோட்டை முதல் நாளே போட்டோ எடுத்திருப்பேன். இடையில் டிரைவர் ஒரு பழைய நோட்டை அடுப்புக்குப் போட்டுவிட்டார். நல்லவேளை, அது 2020ஆம் வருடத்து நோட்டு. மருந்துக் கடையில் பில் கேட்டு வாங்குங்கள் என்று யாரும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது முதல் சந்திப்பில் எந்தத் தொகையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சம்பள ஆதாரமும் மருத்துவர் கருத்தும் வந்த பிறகு, மூன்று எண்ணையும் ஒரு சுழியையும் ஒரே தாளில் எழுதி, குடும்பத்தில் இருவர் முன்னால் படித்துக் காட்டிக் கொடுக்கிறேன்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்குப் பின் நடந்த விபத்துக்கு மேலே சொன்ன பிரிவு எண்களை அப்படியே எடுக்கக்கூடாது, புதிய தொகுப்பைப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு காட்டினால், அதில் வருகிறது. ஜீப்பில் மலை ஏறுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அப்போதும் யார் எந்த நாள் ஜீப்பில் இருந்தார் என்ற கேள்வி முதலில் வரும். அந்த டிரைவர் இப்போது நோட்டில் முதல் எழுத்து மட்டும் போடுவதில்லை, முழுப் பெயர் எழுதுகிறார்.